வலது கையின் குடும்பம்

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. ஒரு சொல்லாவது கூட்டிச் சொல்லியிருந்தால், இத்தனை வருஷம் நான் ஓட்டிய லிஃப்ட்டின் கயிறு அறுந்து என் தலைமேலேயே விழட்டும். இதற்கு மேல் ஒரு மனுஷன் எதன்மேல் சத்தியம் பண்ணுவது?

நான் வேலை பார்த்தது தாவர நொதிக் குடும்ப நிர்ணயக் கழகத்தில். நொதி என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு செடிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் வெட்டுவார், ஒருத்தர் ஒட்டுவார், இன்னொருத்தர் காயைப் பழமாக்குவார். அவர்களுக்குத்தான் நொதி என்று பெயர். அவர்களில் யார் யாருக்குப் பங்காளி, யார் ஒன்றுவிட்ட தம்பி, யார் வெறும் முகஜாடையை வைத்துக்கொண்டு சொந்தம் கொண்டாடுகிறார் என்று விசாரித்து எழுதுவது கழகத்தின் பணி. கழகம் எழுதும்வரை எந்த நொதிக்கும் குடும்பம் கிடையாது. குடும்பம் இல்லாத நொதி சோப்பில் சேரலாம், பழச்சாற்றில் சேரலாம். மருந்தில் மட்டும் சேரக் கூடாது. மனித உடம்பில் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒன்றைத் தடவலாமா என்று சட்டம் கேட்கிறது. நியாயம்தானே.

நான்கு மாடிக்கும் லிஃப்ட் ஒன்றுதான், ஆளும் நான் ஒருத்தன்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பொத்தானில் ஏதோ கோளாறு என்பதுபோல் தட்டிக்கொண்டிருந்தால் எந்த அறைப் பேச்சும் காதில் விழும். அப்படி விழுந்ததைத்தான் சொல்கிறேன்.

ஒரு காலையில் தோளில் கருவிப் பையோடு ஒருவர் லிஃப்ட்டில் ஏறினார். குழாய் ரிப்பேர் செய்பவர் என்று பையிலிருந்து எட்டிப் பார்த்த பைப் ரெஞ்சே சொல்லிற்று.

"எந்த மாடியில ஒழுகுது?" என்றேன்.

"ஒழுகல பெரியவரே. குடும்பம் எழுதி வாங்கணும்."

"யார் குடும்பம்?"

"ஒரு கொடிப்பாலோட குடும்பம்."

விஷயம் இதுதான். குழாய்க்காரரின் மனைவிக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்பை விரித்து வைத்தால் மேலிருந்து ஒரு இரும்புப் பலகை நீராவியோடு இறங்கி அமுக்கும். அன்றைக்கு விரிப்போடு சேர்த்து அந்த அம்மாளின் வலது கையையும் அமுக்கிவிட்டது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை தோல் செத்துக் கறுத்துவிட்டது. செத்ததை எடுத்துவிட்டால் அடியில் உயிரோடிருக்கிற தோல் பிழைத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறும். கத்தியால் சுரண்டினால் செத்ததோடு இருப்பதும் போய்விடும். ஆனால் ஒரு கொடியின் பாலில் இருக்கிற நொதியைத் தடவினால், அது செத்ததை மட்டும் தின்றுவிட்டு உயிருள்ளதன்மேல் பல் படாமல் விலகிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த அதிகாரிகள் யாரிடமும் இல்லாத நாகரிகம்.

"மருந்து ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜுலயே இருக்குங்க," என்றார் குழாய்க்காரர். "டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிருக்காங்க, என் கண்ணால பார்த்தேன். ஆனா உங்க ஆளுங்க போன மாசம் அதோட குடும்பத்தை ரத்து பண்ணிட்டாங்களாம். இப்ப மூடியைத் திறந்தா டாக்டருக்கு வேலை போயிடுமாம்."

"கை எப்படி இருக்கு?"

"கறுப்பு மணிக்கட்டுல நிக்குது. டாக்டர் பேனாவால ஒரு கோடு போட்டிருக்கார். முழங்கையைத் தாண்டிச்சுன்னா எடுத்துடுவோம்னு சொன்னார்."

"எதை?"

அவர் தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டார். நான் முதல் மாடியில் நிறுத்தினேன்.

முதல் மாடி வரிசைப் பிரிவு. நொதி என்பது மணி கோத்த நீண்ட மாலை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்று படித்தாலே வம்சம் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கட்சி. அதன் தலைவருக்கு மாலைக்காரர் என்று பெயர் வைத்தது நான்தான். அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

மாலைக்காரர் குழாய்க்காரரை அன்பாக உட்காரவைத்தார். "உங்க கொடிப்பாலை மணி மணியா படிச்சுட்டோம். பாதிக்கு மேல விதைச் சேமிப்புக் குடும்பத்தோட அப்படியே ஒத்துப்போகுது. அந்தக் குடும்பத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க சார்."

"பெரிய குடும்பம். ஆதியில வெட்டுற தொழில்தான். ஏதோ ஒரு தலைமுறையில, வெட்டுற இடத்துல இருந்த ஒரு மணி மாறிப்போச்சு. அதுக்கப்புறம் வெட்ட வரல. விதைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் வேலைன்னு ஒண்ணும் கிடையாது. ஆனா இடம் இருக்கு, மரியாதை இருக்கு."

"அதனால என்ன சார்?"

"அதனால உங்க நொதியும் வேலை செய்யாது."

"செய்யுது சார். எங்க தெரு பேக்கரிக்காரர் காலுல தடவினாங்க. இப்ப நல்லா நடக்கிறார்."

மாலைக்காரர் முகம் வாடிவிட்டது. "அதுக்கு வேலை செய்யறதுன்னு பேரு இல்லீங்க. ஒழுங்கீனம். குடும்பத்துல ஒருத்தரும் வேலை செய்யாதப்ப இது மட்டும் கிளம்பிப் போய் வேலை செஞ்சா, மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? அனுபவத்துல சொல்றேன். இந்த நாற்காலியில எங்க தாத்தா உட்கார்ந்தார். எங்க அப்பா உட்கார்ந்தார். இப்ப நான். எங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் வரம்பு மீறினார்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்!"

யாரும் சொல்லமாட்டார்கள். நானே சாட்சி.

"அப்ப விதைக் குடும்பம்னே எழுதிக் கொடுங்க சார். எந்தக் குடும்பமா இருந்தா எனக்கென்ன. மூடியைத் திறக்கணும், அவ்வளவுதான்."

"எழுதிட்டேன். மேல் மாடியும் இதையே எழுதினா செல்லும்."

மேல் மாடி மடிப்புப் பிரிவு. அதன் தலைவியை எல்லோரும் மடிப்பு மேடம் என்போம். அவருக்கு மாலைக்காரரைப் பிடிக்காது. மாலையைக் கையில் கசக்கினால் ஒரு உருவம் வரும், அந்த உருவம்தான் நொதி, மணியை எண்ணுவது வேலையற்றவர் வேலை என்பது அவர் கட்சி. அவர் அறையில் கூரையிலிருந்து கம்பியால் செய்த நொதி உருவங்கள் தலை இடிக்கும் உயரத்தில் தொங்கும். அதனால் அவரைப் பார்க்கப் போகிறவர்கள் குனிந்தேதான் போவார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

குழாய்க்காரரும் குனிந்து போனார். அதற்குள் கறுப்பு முன்கையில் பாதி தூரம் ஏறியிருந்தது. டாக்டர் இன்னொரு கோடு போட்டிருந்தார்.

"விதைக் குடும்பமா?" மேடம் சிரித்தார். "கீழ இருக்கிறவருக்குத் தன் குடும்பத்தைத் தவிர வேற தெரியாது. மடிப்பைப் பாருங்க. ரெண்டு கன்னம், நடுவுல ஒரு பிளவு, பிளவுக்குள்ள வெட்டுற வாய். இது அசல் வெட்டுக் குடும்பம். பப்பாளிப் பால் இருக்கே, அதுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி."

"அப்ப வெட்டுக் குடும்பம்னு எழுதிடுங்க மேடம்." குழாய்க்காரர் குரலில் முதல் தடவையாகத் தெம்பு வந்தது.

"அவசரப்படாதீங்க. வாய் ஒரே மாதிரி இருக்கிறதால மட்டும் உறவாகிடாது. சொந்தமே இல்லாதவங்க ரெண்டு பேர் காலங்காலமா ஒரே தொழில் செஞ்சாலும் வாய் ஒரே மாதிரி ஆயிடும். எங்க இயக்குநர்களோட போட்டோ கீழ் வாசல்ல வரிசையா மாட்டியிருக்கே, பார்த்தீங்களா? எல்லா வாயும் ஒண்ணு. ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா? இல்ல. அந்தச் சந்தேகம் எனக்கு இருக்கு."

"சந்தேகத்தை எப்ப மேடம் தீர்ப்பீங்க?"

"சந்தேகத்தைத் தீர்க்கிறது எங்க வேலை இல்ல. பாதுகாக்கிறதுதான் வேலை," என்று மேடம் ஒரு கம்பி உருவத்தை மெல்லத் தட்டினார். அது சுற்றி வந்து குழாய்க்காரர் நெற்றியில் இடித்தது.

இரண்டு மாடிக்கும் பதில் ஒத்துவராவிட்டால் மூதாதையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது கழக விதி. அதற்குத்தான் மூன்றாம் மாடி.

மூதாதையர் பிரிவின் தலைவர் கழகத்திலேயே வயதில் இளையவர். செத்துப்போனவர்களைப் பற்றியே பேசிப் பேசிக் குரல் மட்டும் கிழடு தட்டியிருந்தது. அவரைச் சின்னத் தாத்தா என்போம்.

"ரெண்டு குடும்பமும் பிரியறதுக்கு முன்னால இருந்த பெரியவர் ஒருத்தர் இருக்கார்," என்றார் சின்னத் தாத்தா. "ரெண்டு தரப்புக்கும் பொதுவான மூதாதை. அவர் வந்து சொல்லிட்டா ஒரு பய மறுத்துப் பேச முடியாது."

"அவர் எங்க சார் இருக்கார்?"

"காலமாயிட்டார். டைனோசருக்கெல்லாம் முன்னால."

குழாய்க்காரர் லிஃப்ட் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பொத்தானைத் தட்டினேன்.

"கவலைப்படாதீங்க. பேரன் பேத்திங்க உயிரோட இருக்காங்க. எல்லார் மாலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, யாருக்கு யார் மூக்கு, யாருக்கு யார் காதுன்னு பார்த்தா தாத்தா எப்படி இருந்திருப்பார்னு ஊகிச்சுடலாம். ஊகிச்சதை அப்படியே கோத்து எடுத்துடுவோம். அச்சு அசலா அவரேதான். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"சார், கை பொறுத்துக்காது சார்."

"தாத்தா எத்தனை கோடி வருஷம் பொறுத்திருக்கார்! அதை நினைச்சுப் பாருங்க."

அந்தப் பொறுமையான நாட்களில் குழாய்க்காரர் தினமும் வந்தார். ஆஸ்பத்திரியில் வேறு மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தார்களாம். கறுப்பு நிற்கவில்லை. "நேத்து எங்க வீட்டுக்காரி கேட்டா," என்று ஒரு நாள் லிஃப்ட்டில் சொன்னார். "'ஏங்க, அந்த மருந்துக்கு ஊர்ல யாருமே சொந்தக்காரங்க இல்லையா?'ன்னு கேட்டா. இருக்காங்க, பேசிக்கிட்டிருக்காங்கன்னு சொன்னேன். 'சொந்தக்காரங்கன்னாலே இப்படித்தான்'னு சிரிச்சா."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சா. இடது கையால வாயைப் பொத்திக்கிட்டு."

மூதாதை ஒரு வழியாக வந்து சேர்ந்தார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு துளி. லிஃப்ட்டை ஆடாமல் அசையாமல் ஓட்டச் சொன்னார்கள். ஏறினவர்கள் யாரும் குழாய்க்கு முதுகைக் காட்டாமல் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். விசாரணை அறையில் மூதாதைக்கு என்று தனி நாற்காலி, தண்ணீர் டம்ளர். அவர் தண்ணீர் குடிக்கமாட்டாரே என்று ஒருத்தர் கேட்டார். கேட்டவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மூதாதை முன் ஒரு துண்டு செத்த தோலை வைத்தார்கள். வெட்டினால் வெட்டுக் குடும்பம். சும்மா இருந்தால் விதைக் குடும்பம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மூதாதை கொஞ்சம் வெட்டினார். அப்புறம் நிறுத்திவிட்டார். அப்புறம் மறுபடி கொஞ்சம் வெட்டினார்.

"பார்த்தீங்களா, நிறுத்திட்டார்!" என்று மாலைக்காரர் எழுந்து நின்றார்.

"அதுக்கு முன்னால வெட்டினாரே!" என்று மேடமும் எழுந்தார்.

"ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்வார்," என்றார் சின்னத் தாத்தா பெருமிதமாக. "முன்னோர்னா அப்படித்தான். அப்புறம் வந்த பசங்கதான் ஆளுக்கொண்ணா பிரிச்சுக்கிட்டாங்க."

ஆக, மூதாதை எந்தப் பக்கமும் சாயவில்லை. இத்தனை நடுநிலையானவரை விடக் கூடாது என்று அவரைக் கழகத்தின் நிரந்தர ஆலோசகராக நியமித்து, ஜன்னல் பக்கத்து அறையை ஒதுக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்; எனக்கும் ஒரு லட்டு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினபோது, வாசலில் குழாய்க்காரர் நின்றிருந்தார். தோளில் கருவிப் பை இல்லை.

"முழங்கையைத் தாண்டிடுச்சு," என்றார். "இன்னிக்குக் காலையில எடுத்துட்டாங்க. இனிமே எழுத வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அவங்க பாட்டுக்குச் சிரமப்பட்டுக்கிட்டிருப்பாங்க."

சொல்ல வந்தவரை நான்காம் மாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இயக்குநர். அவர் கையில் அப்போதுதான் கையெழுத்தான ஆணை இருந்தது.

"வாழ்த்துக்கள்!" என்றார் இயக்குநர். "உங்களுக்காகவே ஒரு புதுக் குடும்பம் உண்டாக்கிவிட்டோம். அதில் உங்கள் நொதி மட்டும்தான் உறுப்பினர். பங்காளிச் சண்டைக்கே இடமில்லை. இனி மருந்தை வலது கையில் தடவலாம்."

"கையை எடுத்துட்டாங்க சார்."

இயக்குநர் ஆணையை இன்னொரு முறை படித்தார். "எடுத்தார்கள் என்றால், கை இப்போது இல்லையா?"

"இருக்கு. ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில."

"இருக்கிறதல்லவா!" இயக்குநருக்கு மூச்சு வந்தது. "ஒரு நிமிஷம் பயமுறுத்திவிட்டீர்களே. ஆணையில் 'வலது கை' என்றுதான் எழுதியிருக்கிறோம். உங்கள் மனைவி என்று எங்கேயும் எழுதவில்லை. கையை வரவழையுங்கள்."

கை வந்தது. வந்த பிறகுதான் சிக்கல். யாருடைய உறவினர் என்று தெரியாத ஒரு கையைக் கழகம் எப்படி உள்ளே விடும்? விசாரணை அறையில் மூன்று மாடிக்காரர்களும் கூடினார்கள். மூதாதையும் தன் நாற்காலியில் இருந்தார்.

மாலைக்காரர் சொன்னார்: "அந்த அம்மா ரத்தத்தையும் இந்தக் கையோட ரத்தத்தையும் படிச்சுப் பார்த்தோம். எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். ஆனா அந்த அம்மா வேலை செய்யற குடும்பம். இந்தக் கை வந்ததுலேர்ந்து ஒரு வேலையும் செய்யல. தாராளமா எங்க பக்கம் சேர்த்துக்கலாம்."

மேடம் மறுத்தார்: "அந்த அம்மாகிட்ட இப்ப இருக்கிறது இடது கை. இது வலது. ஒண்ணு மேல ஒண்ணை வெச்சுப் பாருங்க, பொருந்தாது. கண்ணாடியில தெரியற உருவத்தை எல்லாம் சொந்தம்னு சொன்னா நாடு தாங்காது."

இயக்குநர் குழாய்க்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கள். இந்தக் கைக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

குழாய்க்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பிடிச்ச கை சார்," என்றார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய புகழ்பெற்ற உரை அப்போது நிகழ்த்தப்பட்டதுதான்.

"பிடிப்பது உறவாகாது, நண்பரே. நொதி தன் இரையைப் பிடிக்கிறது. இறுகத்தான் பிடிக்கிறது. அதற்காக இரண்டும் ஒரே குடும்பம் ஆகிவிடுமா? வேலை முடிந்ததும் விட்டுவிடுகிறது. விடத் தெரியாத நொதியை நாங்கள் நோய் என்போம். உணர்ச்சிவசப்படாமல் இருப்பதற்குத்தான் மக்கள் எங்களை வைத்திருக்கிறார்கள். இந்தக் கழகம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் எதையும் பிடித்ததில்லை, எதையும் வெட்டியதில்லை, யாரையும் தொட்டதுமில்லை. நாங்கள் உறவை மட்டுமே பார்க்கிறோம்."

மூதாதையைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

கடைசியில் கைக்கும் ஒரு தனிக் குடும்பம் உண்டாக்கினார்கள். உறுப்பினர் ஒன்று. குடும்பம் உள்ள நொதியைக் குடும்பம் உள்ள கையில் தடவத் தடையேதும் இல்லாததால், ஆஸ்பத்திரியிலிருந்து டப்பா வந்தது, மூடி திறந்தது. என் கண்ணால் பார்த்தேன். தடவிக் கொஞ்ச நேரத்தில் கறுப்பு, வெங்காயச் சருகு மாதிரி தானாகக் கழன்று வந்தது. அடியில் வெளுத்த ரோஜா நிறத்தில் தோல். ஒரு இடத்திலும் பல் படவில்லை. நகங்கள்கூடப் பளபளத்தன. கழகம் தன் ஆண்டறிக்கையில் 'சிகிச்சை முழு வெற்றி. கை நலம்' என்று போட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூன்றாம் மாடியில் லிஃப்ட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள்.

பிறகு ஒரு நாள் குழாய்க்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாளை அன்றுதான் பார்க்கிறேன். வலது பக்கச் சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்.

"எந்த மாடிம்மா?"

"என் கை இருக்கிற மாடிக்குப் போங்க பெரியவரே."

கதவைத் திறந்துவிட்டு நின்றேன். அந்த அம்மாள் கண்ணாடிக்கு அருகில் போனார். 'ஓருறுப்பினர் குடும்பம். தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் படித்தார். கட்டைவிரலில் ஊசி ஏறின பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதைக் கணவருக்குச் சுட்டிக் காட்டினார்.

"நல்லா ஆறியிருக்குல்ல?" என்றார்.

"ம்."

"தோலைப் பாருங்களேன். முன்னைவிட நல்லாயிருக்கு." கொஞ்ச நேரம் பார்த்தார். "நாம போலாமா? இங்க ரொம்பக் குளிருது. அதுக்குக் குளிராதா?"

இறங்கும்போது குழாய்க்காரர் பழக்க தோஷத்தில் மனைவிக்கு வலது பக்கம் நின்றுவிட்டார். லிஃப்ட் குலுங்கினதும் அவர் கை தானாகப் போய்ப் பிடித்தது. மடித்த துணிதான் அகப்பட்டது. அதையே பிடித்துக்கொண்டு நின்றார். நான் எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன். கீழே வந்து கதவு திறந்த பிறகும் அவர் விடவில்லை.

நம்பச் சிரமமாயிருந்தால் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கழகம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது. ஓடு போட்ட கட்டடம். மாடி கிடையாது.